தடி என்ற ஒரு சொல்லும் வசனம் மறந்த துரையும்

நீங்கள் ரொம்பக் கத்துகிறீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு படப்பிடிப்பைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலி போட்டு, இளநீர் கொடுத்து, மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். எதிரே உங்களில் ஒருவர், இளம் உதவி இயக்குநர், மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, "ஏய் மஞ்சச் சட்டை, மண்டைய ஆட்டாத! ஏம்மா குண்டு, உன்னத்தான்!" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும். காலையிலிருந்து வெயிலில் நிற்கிறார். இளநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஏன் சொல்லாமல் போனீர்கள் என்று பிறகு கேட்டார்கள். வாயால் சொன்னால் சண்டை வரும், எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அது.

எனக்கு அலங்காரமாக எழுத வராது. உதவி இயக்குநர், தயாரிப்பு நிர்வாகி என்று வாழ்நாள் முழுக்கக் கூட்டத்தை மேய்த்தே காலம் போனது. மேய்த்தது என்பதே கெட்ட சொல். பாருங்கள், எனக்கும் வாயில் வந்துவிட்டது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் மைசூரில் ஓர் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், அப்பாவின் பிரம்புக்கு முன்னால் இங்கிலீஷ். இந்த மூன்றும் தெரிந்த ஆள் வேண்டும் என்று சொல்லி, இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு படக் குழு என்னை இழுத்துக்கொண்டது. காடு, யானை, பழைய பங்களா எல்லாம் ஒரே ஊரைச் சுற்றிக் கிடைக்கிறது என்று வந்திருந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது. சாமுண்டி மலையை மூடிய பனி விலகுவதற்குள் வேன் கிளம்பிவிடும். டாங்கா வண்டிக் குதிரைகளின் லாயத்து நெடி, வறுத்த காப்பிக்கொட்டை வாசனை, அப்புறம் நஞ்சன்கூடு சாலையில் இரண்டு பக்கமும் புளியமரம். படம் எடுத்த பங்களா அந்தப் பக்கம் இருந்தது. இப்போது அங்கே வரிசையாக வீடுகள். நான் அந்த வழியாகப் போவதில்லை.

படத்தில் வயதான கலெக்டர் துரையாக நடிக்க வந்த நடிகரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அவர் எத்தனை கல்யாணம் செய்துகொண்டார் என்று தேடிப் போவீர்கள். ஒரு காலத்தில் அவரைத் தெரியாத ஆளே கிடையாது. பள்ளியில் படிக்கும்போதே அவரைத் திரையில் பார்த்திருக்கிறேன். என் சித்தப்பா அவரைப் பார்த்துத்தான் மீசையை ஒதுக்கினார்.

நல்லவர் என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஆனால் குடி. டீ ஆறியிருந்தால் கோப்பையைத் தோட்டத்தில் வீசுவார். ஆனால் ஷாட்டுக்கு ஷாட் காத்திருக்கும் நேரத்தில், குடை நிழலில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்வார். மழை ஓயாத ஒரு துறைமுக ஊரில் மீன் பெட்டி செய்யும் தச்சரின் மகன். படிப்பை விட்டுவிட்டு நாடகக் கம்பெனியோடு ஓடியவர். பல வருஷம் ராஜாவுக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நின்றதுதான் வேலை. பேசாத படங்களில் வில்லனுக்கு அடியாள். படம் பேச ஆரம்பித்ததும் அழகான முகங்கள் பல கவிழ்ந்துவிட்டன, குரல் கீச்சென்று இருந்ததால். இவருக்குக் குரல்தான் சொத்து. அடியாள் பிரபுவாகிவிட்டார். அப்புறம் டாக்டர், நீதிபதி, கப்பல் தலைவன் என்று வரிசையாக வேஷங்கள். தச்சர் வீட்டுப் பேச்சை மறைத்துப் பெரிய இடத்துப் பேச்சைக் கண்ணாடி முன்னால் நின்று கற்றுக்கொண்டாராம்.

"என் அப்பா ஒரு படத்தை முழுக்கப் பார்த்தார். வெளியே வந்து, 'பையன் எப்போது வருவான் என்று காத்திருந்தேன், வரவே இல்லையே' என்றார்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

உலகப் போர் முடிந்தபின் அவருக்குத் தலையில் ஏதோ கோளாறு வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் வசனம் நிற்கவில்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி என்று அவரே சொன்னார். விஷயம் வெளியே கசிந்ததும் வாய்ப்பு நின்றது. பல வருஷம் வீட்டில் இருந்தவருக்கு இந்தப் படம் வந்தது. அதிலும் மற்றதெல்லாம் நடப்பது, கைகுலுக்குவது. ஒரே ஒரு பெரிய காட்சி. பஞ்ச காலத்தில் வரி கட்ட முடியாத ஊர்க்காரர்கள் தடியோடு பங்களாவுக்கு வருகிறார்கள். துரை படியில் நின்று நீளமாகப் பேசுகிறார். அவ்வளவுதான்.

இயக்குநர் இளைஞர், அவசரக்காரர். ஒரே நாளில் அந்தக் காட்சி வராவிட்டால் வெட்டிவிட்டு, நாலு வரியைக் கதாநாயகனிடம் கொடுத்துவிடுவேன் என்று நடிகரின் காதுபடவே சொல்லியிருந்தார். "இந்தப் பேச்சைப் பேசினால் நான் நடிகன். இல்லையென்றால் தொப்பி போட்ட ஓர் ஆள்" என்றார் நடிகர் என்னிடம்.

தினமும் ஓட்டல் வராந்தாவில் உட்கார்ந்து வசனத்தைச் சொல்லவைத்துக் கேட்பேன். 'உங்கள் கோபம் எனக்குத் தெரியும்' என்ற வரி வரை ஆறு மாதிரி ஓடும். அதற்கு அடுத்து கலெக்டர் தன் இறந்துபோன மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் அதே இடம். எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும். கொடுக்காவிட்டால் முகம் வெளுக்கும்.

அந்த நாள் வந்தது. அதுவரைக்கும் கூட்டத்துக்கு மைசூர் நகரத்து ஆட்களைத்தான் வைத்திருந்தோம். எண்ணெய் தேய்த்து வாரின தலை, கையில் கடிகாரம் கட்டிய தடம். இயக்குநருக்குக் கிராமத்து முகம் வேண்டுமாம். மார்டள்ளிப் பக்கத்திலிருந்து லாரிகளில் விவசாயிகள் வந்து இறங்கினார்கள். எல்லையோரத்துத் தமிழ் ஊர்க்காரர்கள், நிறையப் பேர் எங்களைப்போல வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அவர்களுக்குப் பெரிய ஆளாக முன்னால் நின்றவர் சவரிமுத்து. நடுத்தர வயது, அகலமான தோள். எதைச் சொன்னாலும் பாதிச் சிரிப்போடு கேட்கிற முகம்.

தமிழ் தெரிந்தவன் நான்தான் என்பதால் காட்சியை நானே விளக்கினேன். "கடைசியில எல்லாரும் குனிஞ்சு கும்பிட்டுட்டுத் திரும்பிப் போகணும்."

"யாரைங்க?"

"கலெக்டர் துரையை."

"அவிங்கதான் கப்பலேறிப் போயிட்டாங்களே. மறுபடி எதுக்குங்க கும்பிடோணும்?"

"இது படம்ப்பா. நிஜமில்ல."

"படம்னாலும் எங்க மூஞ்சிதானுங்களே அது? எங்க மூஞ்சி கும்பிட்டா நாங்க கும்பிட்ட மாதிரிதானுங்களே?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், கூட்டத்தை அடக்கிக்கொண்டிருந்த மேஸ்திரியைக் காட்டி, "வேணும்னா மேஸ்திரிய முன்னால நிக்க வெச்சுக் கும்பிடச் சொல்லுங்க சார், அவருதான் வெள்ளக்காரன் பின்னாலயே சுத்தறாரு" என்றார். நான் போய் இயக்குநரிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த நடிகர், "நியாயமாகத்தான் பேசுகிறார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் கும்பிட மாட்டேன்" என்றார். கடைசியில் கும்பிட வேண்டாம், துரை பேசி முடித்ததும் சும்மா கலைந்து போனால் போதும் என்று முடிவானது.

முதல் ஷாட், கூட்டம் தடியை ஓங்கிக்கொண்டு கூச்சல் போடுவது. எப்போது ஓங்க வேண்டும் என்று நான் நீட்டி விளக்க, சவரிமுத்து கையமர்த்தினார். "இவ்வளவு எதுக்குங்க? 'தடி'ன்னு ஒரு சொல்லு குடுங்க, தூக்கிடறோம்."

அப்படியே செய்தோம். "தடி!" என்றதும் தடிகள் ஒரே மூச்சில் எழுந்தன. அழகாக இருந்தது. இயக்குநர் முதல்முறையாகச் சிரித்தார்.

அடுத்தது பேச்சு. தடியைக் கீழே ஊன்றிக்கொண்டு, வாய் திறக்காமல், அசையாமல் நிற்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். காக்கைகள் ஓயாததால், அன்று பதிவாகிற ஒலி வெறும் அடையாளத்துக்குத்தான், குரலை ஊருக்குப் போய் மறுபடி பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒலிப்பதிவாளர் கைவிட்டிருந்தார். அதனால் ஓரத்தில் யாராவது குரல் கொடுத்தாலும் கேட்பார் இல்லை. இங்கேதான் வினை.

அந்த மேஸ்திரியைச் சொன்னேனே. கன்னடக்காரர், நல்ல மனிதர், தொண்டை பெரியது. அவருக்குத் தமிழ் அறவே தெரியாது. நகரத்துக் கூட்டம் அசைந்தால், 'பொறு' என்பதற்குக் கன்னடத்தில் "தடீ, தடீ" என்று அடக்குவது அவர் பழக்கம்.

கேமரா ஓடியது. நடிகர் படிக்கு வந்தார். பேச ஆரம்பித்தார். அந்தக் குரலை எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடப் பையனாகக் கேட்ட அதே குரல். காக்கைகூடக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டது. 'உங்கள் கோபம் எனக்குத் தெரியும்' என்றார். நின்றார்.

அடுத்தது வரவில்லை.

இயக்குநர் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்க ஆரம்பித்தார். கூட்டத்தில் லேசாக ஒரு சலசலப்பு. மேஸ்திரி தன் கடமையைச் செய்தார்: "தடீ!"

தடிகள் மொத்தமும் மேலே எழுந்தன.

மேஸ்திரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தடீ! ஏய், தடீரோ!" என்று இன்னும் உரக்கக் கத்தினார். பாதி ஓங்கியிருந்தவர்களும் முழுசாக ஓங்கினார்கள். முன்வரிசை ஓர் அடி முன்னால் வந்தது. மேஸ்திரி என் தோளைப் பிடித்து உலுக்கி, "நான் தடீ அந்த்ரே இவ்ரு தொண்ணே எத்தாரல்ல சார்!" என்றார். பொறு என்றால் இவர்கள் தடியைத் தூக்குகிறார்களே என்று அவர் பதறுகிறார். மூன்றாவது தடவை கத்த வாயைத் திறந்தார். என் உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினேன். நன்றாக அழுத்தித்தான் பொத்தினேன். வெற்றிலைச் சாறு என் சட்டைக் கைக்குள் ஓடியது.

இயக்குநர் என்னைப் பார்த்தார். கை பாதி உயரத்தில் நிற்கிறது. இந்த நாட்டு ஜனங்கள் நிஜமாகவே அடிக்கப் போகிறார்கள் என்ற பயம் அவர் கண்ணில் இருந்தது. "என்ன செய்கிறார்கள் இவர்கள்?" என்றார்.

"நடிக்கிறார்கள்" என்றேன்.

அந்த இடத்தில் மூன்று பாஷையும் எனக்கு மட்டும்தான் தெரியும். தடி ஏன் எழுந்தது என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் "இறக்குங்க!" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். காட்சியும் அடங்கியிருக்கும், அந்த மனிதரும் அடங்கியிருப்பார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். வசனத்தைத் தேடுகிற முகம் போய்விட்டிருந்தது. எதிரே தடிகளைப் பார்க்கிற முகம் வந்திருந்தது. அதனால்தான் கத்தவில்லை. உதவி இயக்குநருக்குச் சம்பளம் கொடுப்பது கத்துவதற்கு மட்டும் இல்லை. எப்போது வாயை மூடுவது, தேவைப்பட்டால் பக்கத்து ஆளின் வாயையும் மூடுவது என்று தெரிவதற்கும்தான்.

அவர் தொப்பியைக் கழற்றினார். படியில் இறங்கினார். ஓங்கின தடிகளை நோக்கி நடந்து, நேராகச் சவரிமுத்துவின் முன்னால் போய் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கை தூரம்கூட இல்லை. சவரிமுத்து அவரை உற்றுப் பார்த்தார். பிறகு தன் தடியை மெதுவாக இறக்கி, ஒரு பக்கமாக ஒதுங்கினார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் ஒதுங்கினார். அப்படியே வரிசை வரிசையாகக் கூட்டம் பிளந்தது. அந்த வழியாக அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், கடைசிவரை நடந்து போனார்.

இயக்குநர் கட் சொன்னார். பிறகு அவர், "மறுபடி எடுப்போம். இந்தத் தடவை வசனத்தோடு" என்றார்.

மறுபடி எடுத்தோம். மேஸ்திரியை வேனுக்குள் உட்கார வைத்துவிட்டேன். தடி எழவில்லை. வசனமும் எழவில்லை. அதே வரி, அதே இடம். இன்னொரு தடவை, இன்னும் ஒரு தடவை. வெளிச்சம் பங்களா கூரைக்கு ஏறிவிட்டது. நடிகர் இயக்குநரிடம் நேராகப் போனார். "எனக்கு வராது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலில் எடுத்ததை வைத்துக்கொள், இல்லையென்றால் என்னைத் தூக்கிப் போடு" என்றார். பேச்சே இல்லாமல் அந்தக் காட்சிக்கு என்ன அர்த்தம் என்று இயக்குநர் கேட்டார். கேமராமேன் மட்டும், யாரும் கேட்காமலேயே, "முதலாவது நன்றாக வந்திருக்கிறது" என்றார். முடிவு சொல்லாமலேயே இயக்குநர் காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் சவரிமுத்துவைத் தேடிப் போனேன். மரத்தடியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"தடி தூக்குனது சரி, அது மேஸ்திரி சொன்னதுனால. இறக்கி வழி விடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலீங்க. பெரியவரு வசனத்த மறந்துட்டாருங்களே."

"இங்கிலீஷ் தெரியுமா உங்களுக்கு?"

"மறந்தவன் கண்ணுக்கு என்னங்க பாஷை? எங்க ஊர்ல தவக்காலத்துல ஏசு பாடுபட்ட கதைய பாஸ்கா நாடகமாப் போடுவோம். ஏசுவுக்குத் தீர்ப்புச் சொல்ற பிலாத்து வேஷம் கட்டறவருக்கு வயசாயிப்போச்சு. நடுவுல மறந்துட்டு முழிப்பாரு. அப்ப யூத ஜனங்களா நிக்கற நாங்க 'சிலுவையில அறையும், சிலுவையில அறையும்'னு சத்தம் போட்டுக்கிட்டே இருப்போம், அவருக்கு ஞாபகம் வர்ற வரைக்கும். ஒரு வருசம் ரொம்ப நேரம் வரலீங்க. எங்களுக்குத் தொண்டையே போயிருச்சு, சாமியாரு என்னடா இவ்வளவு வெறியா இருக்கீங்கன்னு வஞ்சாரு."

"இங்க சத்தம் போடலியே?"

"நீங்கதான் வாயத் தொறக்கக் கூடாதுன்னீங்க. அவரு பாட்டுக்கு எறங்கி வந்துட்டாரு. நாங்க நின்னா மாட்டிக்குவாரு. அதான் போகட்டும்னு ஒதுங்குனேன்."

நான் சும்மா சீண்டினேன். "காலையில கும்பிட மாட்டோம்னீங்க. சாயங்காலம் கலெக்டருக்கு வழி விட்டுட்டீங்களே?"

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "கலெக்டருக்கு இல்லீங்க. வேஷக்காரருக்கு."

பிள்ளைகளே, இதை நான் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. நீங்கள் 'மஞ்சச் சட்டை' என்று கூப்பிடுகிற ஆளுக்குள் ஒரு சவரிமுத்து நிற்கலாம். நிற்காமலும் போகலாம், பாதிப் பேர் சாப்பாட்டுக்குத்தான் வருகிறார்கள், அதிலும் தப்பில்லை. ஆனால் உங்கள் நடிகர் தடுமாறும்போது அவருக்கு மிக அருகில் நிற்பது நீங்கள் இல்லை, அவர்கள்தான். காலையில் அவர்களை அவமானப்படுத்திவிட்டு மத்தியானம் அவர்களிடமிருந்து கருணையை எதிர்பார்க்காதீர்கள். இதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

படம் மைசூருக்கு வந்தபோது முதல் நாளே போனேன். அந்தக் காட்சி இருந்தது. முதலில் எடுத்ததுதான். 'உங்கள் கோபம் எனக்குத் தெரியும்' என்ற வரியோடு பேச்சு நின்றுவிடுகிறது. அப்புறம் ஒரு சொல்கூட இல்லை. தடிகள், தொப்பி, அந்த நடை. முறுக்கு விற்கிறவன்கூட விற்பதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வந்து தெருவில் நின்று அழுதேன், வெட்கமில்லாமல்.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. அன்று சாயங்காலம் நடிகருக்கு எதுவும் தெரியாது. சவரிமுத்து சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன். "அவர் பெயரை மறுபடி சொல்" என்றார். அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே, கலெக்டர் உடுப்பைக்கூட மாற்றாமல், லாரிகள் நின்ற இடத்துக்கு நடந்தார்.

லாரியில் எல்லோரும் ஏறியிருந்தார்கள். கீழே நின்று அண்ணாந்து, "சவ்ரி மூட்டு" என்று கூப்பிட்டார். லாரியே குலுங்கிச் சிரித்தது. "டேய் சவரி, மூட்டு வலிக்குதான்னு கேக்கறாருடா!" சவரிமுத்து குனிந்து கையை நீட்டினார். இவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

"இதுக்கெல்லாம் எதுக்குங்க நன்றி? அடுத்த படத்துலயும் இப்படி மறந்தாருன்னா ஒரு லாரி அனுப்பச் சொல்லுங்க. வந்து நின்னுக்கறோம்."

அதை இங்கிலீஷில் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். பிடித்த கையை விடாமல் சிரித்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அந்தச் சத்தத்துக்குள், மேலே பார்த்துக்கொண்டே, என்னிடம் மட்டும் சொன்னார்: "அடுத்த படம் இல்லை என்று அவரிடம் சொல்லாதே."

லாரி நகர்ந்தது. சவரிமுத்து பின்பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக் கத்தினார். "என்னங்கறாரு சார்?"

"கட்டாயம் அனுப்பறேங்கறாரு!" என்று கத்தினேன்.